நாகசாகியில் சில மணி நேரம்: 1893-ல் மெட்ராஸுக்கு வந்த ஒரு கடிதம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இப்போ இன்ஸ்டாவைத் திறந்தாலே நமக்குத் தெரிஞ்ச யாராவது ஒருத்தர் ஜப்பான்ல இருக்காங்க. அதுலயும் க்ரூஸ்ல போறவங்களோட வீடியோ எல்லாம் ஒரே அச்சு. காலையில கப்பல் நாகசாகியில நிக்கும். சாயங்காலத்துக்குள்ள திரும்பி ஏறிடணும். நடுவுல ஒரு கோயில், ஒரு டிராம், ஒரு ராமென், கடைசியா "ரோடு எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க"ன்னு ஒரு ஷாட். முடிஞ்சது.

கிண்டல் பண்ண வரலை. இதே நாகசாகியில் சில மணி நேரம் மட்டும் இறங்கி, வண்டி பிடிச்சு ஊரைச் சுத்திப் பார்த்து, எவ்ளோ சுத்தம்னு அசந்துபோய், அதை மெட்ராஸ்ல இருந்த நண்பர்களுக்கு எழுதி அனுப்பின ஒருத்தரோட கதைதான் இன்னைக்கு. வருஷம் 1893. ஆள் விவேகானந்தர். வயசு 30.

காலண்டர்ல கை கட்டிட்டு நிற்கிற விவேகானந்தரைக் கொஞ்சம் ஓரமா வெச்சிடுங்க. சிகாகோ மேடை செப்டம்பர் மாசம். நாம பேசப்போறது அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலை. அப்போ அவர் யாருக்கும் தெரியாத ஒரு பயணி. ஜூலை 10-ம் தேதி யோகோஹாமா துறைமுகத்தில் உட்கார்ந்து, அளசிங்கப் பெருமாளுக்கும் மெட்ராஸின் மத்த நண்பர்களுக்கும் ஒரு நீளமான கடிதம் எழுதுகிறார். பாதி டிராவல் வ்ளாக். மீதிப் பாதி வசவு, கிழி கிழின்னு கிழிச்சிருப்பார். அந்தக் கடிதத்தில் அவர் என்ன பார்த்தார், எதைப் பார்க்க வாய்ப்பில்லாம போச்சு, அந்த வசவு நியாயமா, இதுதான் எபிசோட்.

இது நம்ம பக்கத்துக் கதையும்கூட. நான் இதை எழுதறது ஒலக்கூர்ல, தாத்தா வீட்டுத் திண்ணையில. திண்டிவனத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டின ஊர். பாசஞ்சர் மட்டும் நிற்கிற ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. விழுப்புரத்திலிருந்து மெட்ராஸ் போற தண்டவாளம் எங்க ஊர் வழியாத்தான் போகுது. 1897 பிப்ரவரியில், அமெரிக்கா போய்ப் பேர் வாங்கித் திரும்பி வந்த விவேகானந்தர், கும்பகோணம், மாயவரம் தாண்டி எழும்பூருக்குப் போனது இந்தத் தண்டவாளத்தில்தான். மெட்ராஸுக்குச் சில மைல் முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்காதுன்னு சொன்னதும் ஜனங்க தண்டவாளத்தில் படுத்துட்டாங்க, கார்டு வண்டியை நிறுத்த வேண்டியதாப் போச்சுன்னு அவரோட வாழ்க்கை வரலாற்றில் வருது. ஆனா அது ஹீரோவா திரும்பி வந்த பிறகு. கிளம்பறதுக்கு முன்னாடி இதே வட்டாரத்தில் அவருக்குக் கிடைச்சது வேற மாதிரி வரவேற்பு.

திண்டிவனத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் பாண்டிச்சேரி. கன்னியாகுமரியிலிருந்து மெட்ராஸ் வர்ற வழியில், 1892 முடிஞ்சு 1893 பிறக்கிற சமயத்தில், அவர் பாண்டிச்சேரியில் தங்கினார். அங்கே ஒரு வைதிகப் பண்டிதரோடு பெரிய வாக்குவாதம். விஷயம், ஒரு இந்து கடல் கடந்து போகலாமா கூடாதா. மதத்தில் காலத்துக்கேற்ற மாற்றம் வரணும், கடல் பயணத்தை அறிவால் யோசிச்சு முடிவு பண்ணணும்னு இவர் சொல்கிறார். பண்டிதர் கேட்கவே தயாரில்லை. ஒருபோதும் கூடாது, ஒருபோதும் கூடாதுன்னு சமஸ்கிருதத்தில் கத்தினாராம்.

கடலுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இந்தச் சண்டை. பாண்டிச்சேரிக் கடற்கரையிலிருந்து பார்த்தாலே கப்பல் தெரியும். ஆழம் பத்தாததால் அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் போய்த்தான் ஏறணும். (2025 ஜூலையில் 'எம்ப்ரஸ்'னு ஒரு க்ரூஸ் கப்பல் முதல் தடவையா புதுச்சேரிக்கு வந்தப்பவும் அதே கதைதான். கப்பல் கடலில் நங்கூரம் போட்டது, பயணிகள் சின்னப் படகில் கரைக்கு வந்தாங்க. அந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.)

கடல் தாண்டினா சாதி போயிடும் என்கிற விதி பௌதாயன தர்மசூத்திரம் மாதிரியான பழைய நூல்களிலேயே இருக்கு. விதி நூலில் இருப்பது ஒண்ணு, அது ஒருத்தர் வாழ்க்கையில் புகுந்து என்ன பண்ணும் என்பது இன்னொண்ணு. 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தியை அவரோட சாதிக்காரங்க பம்பாயில் கூட்டம் போட்டுத் தள்ளி வெச்சாங்க. சரி, அது குஜராத். நம்ம ஊர் உதாரணம் வேணுமா? ராமானுஜன். 1910 வாக்கில் வேலை தேடி, விழுப்புரம் வழியா திருக்கோவிலூர் போய், டெபுடி கலெக்டரா இருந்த வி. ராமசாமி ஐயரைத் தன் கணக்கு நோட்டோடு போய்ப் பார்த்த அதே ராமானுஜன். கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி கூப்பிட்டும் முதல்ல போக மறுத்தார். 1914 மார்ச் 17-ம் தேதி, குடுமியை வெட்டிக்கிட்டு, 'நெவாசா' கப்பலில் மெட்ராஸிலிருந்து கிளம்பினார். 1919-ல் உடம்பு முடியாமல் திரும்பினார். 1920 ஏப்ரலில் இறந்தார். கடல் கடந்தவர், ராமேஸ்வரம் போய்ப் பரிகாரமும் செய்யலைன்னு சொல்லி, வைதிகமான சொந்தக்காரங்க பலர் சாவுக்கு வரலை. ராயல் சொசைட்டி உறுப்பினர். வயசு 32. பாண்டிச்சேரி வாக்குவாதம் நடந்து 27 வருஷம் ஆகியும் நிலைமை இதுதான்.

ஆனா ஒரு நிமிஷம். இந்த 'கடல் தாண்டக் கூடாது' யாருக்கு?

பண்டிதர் கத்தின அதே பாண்டிச்சேரியிலிருந்தும், காரைக்காலிலிருந்தும், மெட்ராஸிலிருந்தும் கப்பல் கப்பலா ஆட்கள் அதுக்கு முன்னாடியே போயிருந்தாங்க. மெட்ராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் போய்ச் சேர்ந்தது. 1861-ல் பிரிட்டனும் பிரான்சும் ஒரு ஒப்பந்தம் போட்டு, ரீயூனியன், குவாதலூப், மார்த்தினீக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்ம ஆட்களை அனுப்ப வழி பண்ணாங்க. ரீயூனியனில் நடந்த கொடுமை தாங்காமல் 1882-ல் பிரிட்டிஷ் அரசே அங்கே அனுப்புவதை நிறுத்தியது. மலேயாவுக்கு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நீராவிக் கப்பல். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்புறம் இந்த ஓட்டம் இன்னும் அதிகம். தென்னாற்காடு ஜில்லா, அதாவது இன்னைக்கு விழுப்புரம், திண்டிவனம், கடலூர் எல்லாம் சேர்ந்த அந்தப் பழைய ஜில்லா, ஆள் பிடிக்கிறவங்களுக்கு நல்லாப் பழக்கமான இடம். செட்டியார்களும் மரைக்காயர்களும் வியாபாரத்துக்குப் போய் வந்தது தனிக் கதை.

இவங்க யாரும் போகும்போது எந்தப் பண்டிதரும் வாதம் பண்ணலை. கடல் தீட்டு என்பது நிலமும் சாதியும் கைவசம் இருந்தவங்களோட பிரச்சினை. கூலிக்குப் போனவங்களுக்குக் கடல் ஒரு கடன் பத்திரம், அவ்வளவுதான். இதை இப்போதைக்கு ஓரமா வைப்போம். ஜப்பானில் வந்து திரும்ப இடிக்கும்.

1893 மே 31. பம்பாயில் 'பெனின்சுலர்' கப்பல். வழியனுப்ப வந்தவங்களில் மெட்ராஸிலிருந்து போன அளசிங்கப் பெருமாளும் ஒருத்தர். பச்சையப்பன் பள்ளி ஆசிரியர். பயணத்துக்கான பணத்தை மெட்ராஸில் வீடு வீடா ஏறி இறங்கி வசூல் பண்ணதில் முக்கியமான ஆள் இவர்தான். கப்பல் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங்னு நின்னு நின்னு போகுது. அதுவரைக்கும் கையில் ஒரு கம்பும் கமண்டலமுமா சுத்தினவருக்கு இப்போ பெட்டி, துணிமணி, சாமான். அதைப் பார்த்துக்கறதுலயே என் சக்தியெல்லாம் போகுதுன்னு கடிதத்தில் புலம்புகிறார். முதல் தடவை செக்-இன் லக்கேஜோட போனவங்க எல்லாருக்கும் இந்த வலி புரியும்.

சிங்கப்பூரில் தாவரவியல் தோட்டமும் மியூசியமும் பார்க்கிறார். ஹாங்காங்கில் கப்பல் மூணு நாள் நிற்க, ஆற்று வழியே கான்டன் வரை போய் வருகிறார். முதுகில் குழந்தையைக் கட்டிக்கிட்டுப் படகு ஓட்டும் சீனப் பெண்களைப் பற்றி எழுதுகிறார். இதெல்லாம் ரசனையான பகுதி, தேடிப் படிங்க. நான் நேரா நாகசாகிக்குப் போறேன்.

நாகசாகி ஏன்? அந்தக் காலத்துக் கப்பல் பயணம் பற்றித் தெரிஞ்சுக்க இந்த ஊர் ஒண்ணு போதும். ரெண்டு நூற்றாண்டுக்கு மேல் ஜப்பான் ஐரோப்பாவுக்குக் கதவைச் சாத்தி வெச்சிருந்தப்போ, 1641-லிருந்து டச்சுக்காரங்களை மட்டும், இந்த ஊர் ஓரத்தில் தேஜிமான்னு ஒரு செயற்கைத் தீவில் உட்கார வெச்சிருந்தாங்க. 1853-ல் அமெரிக்கத் தளபதி பெரி போர்க்கப்பலோடு வந்து மிரட்டின பிறகு ஒவ்வொரு கதவா திறந்தது. நாகசாகியும் யோகோஹாமாவும் 1859-ல். கோபே 1868-ல். நீராவிக் கப்பல்கள் நாகசாகியில் நின்னதுக்கு அழகு காரணமில்லை, நிலக்கரி. பக்கத்துத் தாகாஷிமா தீவில் சுரங்கம். படகுகளில் கரியைக் கொண்டு வந்து, ஆண்களும் பெண்களுமா வரிசையில் நின்னு கூடை கூடையா கை மாத்திக் கப்பலுக்குள் ஏத்துவாங்க. கப்பல் கரி ஏத்துற அந்த நேரம்தான் பயணிகளுக்கு ஊர் சுத்துற நேரம். இன்னைக்கு 'ஷோர் எக்ஸ்கர்ஷன்'னு டிக்கெட் போட்டு விக்கிறாங்களே, அதோட பூர்விகம் இந்தக் கரிக்கூடை.

அந்தச் சில மணி நேரத்தில் அவர் கண்ணில் பட்டது அகலமான நேரான தெருக்கள், சுத்தம், கூண்டு மாதிரி சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு ஊருக்குப் பின்னாலும் பைன் மரம் மூடின பச்சைக் குன்றுகள். இது வரைக்கும் எந்த வ்ளாகரும் சொல்றதுதான்.

கோபேயில்தான் அவர் வித்தியாசமா ஒரு வேலை பண்ணார். கப்பலை விட்டுட்டு, நிலவழியா யோகோஹாமா போறேன்னு இறங்கிட்டார். உள்நாட்டைப் பார்க்கணுமாம். கோபேயிலிருந்து டோக்கியோ வரைக்கும் தொகாய்தோ ரயில் பாதை முழுசா முடிஞ்சு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஓசாகா, கியோத்தோ, டோக்கியோ, மூணையும் பார்த்தார். போகிற போக்கில் ஒரு விஷயத்தைக் குறிப்பிடுகிறார். பாஸ்போர்ட் இல்லாம வெளிநாட்டுக்காரர் யாரும் உள்நாட்டில் பயணம் பண்ண முடியாது.

அந்த ஒரு வரியில் நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். ஜப்பானோட மொத்த அரசியலும் அதுக்குள்ள இருக்கு. 1858-ல் மேற்கு நாடுகள் திணிச்ச ஒப்பந்தங்களின்படி, ஜப்பான் மண்ணில் ஒரு பிரிட்டிஷ் பிரஜை குற்றம் பண்ணா ஜப்பான் கோர்ட் விசாரிக்க முடியாது. பிரிட்டிஷ் தூதரகக் கோர்ட்தான் விசாரிக்கும். தன் சொந்த மண்ணில் தன் சட்டம் செல்லாது. எவ்வளவு அவமானம், யோசிச்சுப் பாருங்க. பதிலுக்கு ஜப்பான் கையில் இருந்த துருப்புச்சீட்டு என்னன்னா, நீங்க துறைமுகத்துக்குள்ளேயே இருங்க, உள்ளே வரணும்னா எங்க அனுமதிச் சீட்டு வேணும் என்பது. அந்தச் சீட்டைத்தான் இவரும் வாங்கியிருப்பார்.

1886 அக்டோபரில் 'நார்மன்டன்'னு ஒரு பிரிட்டிஷ் கப்பல் யோகோஹாமாவிலிருந்து கோபேக்குப் போகிற வழியில் முழுகியது. கேப்டனும் ஐரோப்பிய மாலுமிகளும் படகில் ஏறித் தப்பிச்சாங்க. கப்பலில் இருந்த 25 ஜப்பானியப் பயணிகளும் செத்துப்போனாங்க. ஒருத்தர்கூட மிஞ்சலை. கோபேயில் பிரிட்டிஷ் தூதர் விசாரிச்சு கேப்டன் மேல தப்பில்லைன்னுட்டார். ஜப்பான் முழுக்கக் கொதிச்சது. மறுபடி யோகோஹாமாவில் விசாரிச்சு மூணு மாசம் தண்டனை கொடுத்தாங்க. நஷ்ட ஈடு கிடையாது. அந்தக் கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்ட இந்தியக் கூலிகளும் முழுகிச் செத்தாங்க. 25 ஜப்பானியர்களுக்காக ஒரு தேசமே தெருவுக்கு வந்தது. நம்ம ஆட்களுக்காக யாரும் வரலை. வர்றதுக்கு ஒரு தேசம் அப்போ இல்லை.

இதுல ஒரு கூடுதல் முரண். 1893-ல் யோகோஹாமாவில் நடந்து போன விவேகானந்தரும் சட்டப்படி ஒரு பிரிட்டிஷ் பிரஜை. ஜப்பான் போலீஸ் அவரைப் பிடிச்சாலும் பிரிட்டிஷ் கோர்ட்டில்தான் ஒப்படைக்கணும். அடிமை நாட்டிலிருந்து போனவருக்கு, சுதந்திர நாட்டில், ஆண்டையோட சலுகை.

சரி, இப்போ கடிதத்தின் அடுத்த பகுதி. ஒரு சந்நியாசி ஜப்பானில் எதைப் பார்த்து அசந்துபோவார்னு நினைக்கிறீங்க? கோயில் இருக்கு, ஒவ்வொரு கோயிலிலும் பழைய வங்காள எழுத்தில் சமஸ்கிருத மந்திரம் இருக்குன்னு எழுதறார். ஆனா உற்சாகம் பொங்கறது வேற இடத்தில். ராணுவம், அவங்க அதிகாரிகளே வடிவமைச்ச துப்பாக்கி, வளர்ந்துக்கிட்டே போற கடற்படை, ஜப்பானிய இன்ஜினியர் ஒருத்தர் குடைஞ்ச கிட்டத்தட்ட ஒரு மைல் சுரங்கப் பாதை, தீப்பெட்டித் தொழிற்சாலைகள். தங்களுக்கு வேண்டிய எல்லாத்தையும் தங்க நாட்டிலேயே செய்யணும்னு இருக்காங்க என்கிறார். ஜப்பானியக் கப்பல் கம்பெனி சீக்கிரம் பம்பாய்க்குக் கப்பல் விடப்போகுதுன்னும் ஒரு தகவல். அது அப்படியே நடந்தது. அதே வருஷம் நவம்பரில் நிப்பான் யூசென் கம்பெனி, ஜாம்ஷெட்ஜி டாடாவோடு கை கோத்து, பி அண்ட் ஓ கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து, பஞ்சு ஏத்தப் பம்பாய்க்குக் கப்பல் விட்டது. ஆள் தகவல் சேகரிப்பில் கெட்டி.

இங்கே என்னோட இன்ஜினியரிங் மூளை ஒரு கேள்வி கேட்குது. நாம அப்படி என்ன பின்தங்கியிருந்தோம்? ஜப்பானின் முதல் ரயில் 1872. மெட்ராஸின் முதல் ரயில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு, 1856. பதினாறு வருஷம் முந்தி. கிண்டி கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கின சர்வே பள்ளி. அது 1859-லேயே இன்ஜினியரிங் கல்லூரி ஆயிடுச்சு. டோக்கியோவின் இம்பீரியல் இன்ஜினியரிங் கல்லூரி 1873-ல்தான் வகுப்பே ஆரம்பிச்சது. அதை நடத்த ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹென்றி டயருக்கு வயசு 25. என்னைவிடச் சின்னவர், பிரின்சிபால். (இந்தத் தகவலை எங்க அம்மாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க.)

அப்போ வித்தியாசம் எங்கே? ஜப்பான் வெளிநாட்டு இன்ஜினியர்களைச் சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டது, ஒப்பந்தக் காலம் வெச்சது, கத்துக்கிட்டதும் நன்றி சொல்லி அனுப்பிடுச்சு. 1880-ல் கியோத்தோ பக்கத்தில் ஓசாகாயாமா சுரங்கம், சுமார் 665 மீட்டர், முழுக்க ஜப்பானிய இன்ஜினியர்களே முடிச்சாங்க. முதல் ரயில் ஓடி எட்டே வருஷம். கிண்டியில் படிச்சவர் பொதுப்பணித் துறைக்குப் போவார், அவருக்கு மேல எப்பவும் ஒரு துரை இருப்பார்.

இன்னும் சுவாரசியமான ஒப்பீடு ஒண்ணு. விவேகானந்தர் கோபேயில் இறங்கின அதே 1893-ல், அதே கோபேயின் ரயில்வே பட்டறையில், ஜப்பானில் கட்டின முதல் நீராவி இன்ஜின் தயாரானது. மேற்பார்வை பார்த்தவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக், நீராவி இன்ஜினின் முன்னோடியான ட்ரெவிதிக்கோட பேரன். இந்தியாவில் கட்டின முதல் இன்ஜின் 1895-ல், அஜ்மீர் பட்டறையில். ரெண்டே ரெண்டு வருஷ வித்தியாசம்! திறமை இருந்தது, பட்டறை இருந்தது. ஆனா ஆர்டர் போற இடம் பிரிட்டன். கிளாஸ்கோவிலும் மான்செஸ்டரிலும் இருந்த கம்பெனிகளுக்கு இந்தியா ஒரு பெரிய கஸ்டமர். பெரிய அளவில் நாமளே இன்ஜின் கட்ட சித்தரஞ்சன் வர வேண்டியதாயிடுச்சு, 1950. ஜப்பானில் பர்ச்சேஸ் ஆர்டரில் கையெழுத்துப் போட்டவர் ஜப்பானியர். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவும் அதுதான்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வாங்க. வசவு. நம்ம இளைஞர்கள் வருஷா வருஷம் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் வந்து பார்க்கணும்னு ஆரம்பிச்சு, சூடு ஏறிக்கிட்டே போகுது. வெட்டிப் பேச்சுப் பேசிக்கிட்டு இருக்கீங்க, வெளியே வந்தா சாதி போயிடுமா உங்களுக்கு, கடற்கரையில் புஸ்தகத்தை வெச்சுக்கிட்டு நடந்து, ஐரோப்பாக்காரன் யோசிச்சதைச் செரிக்காமலே ஒப்பிச்சு, உங்க ஆன்மாவே ஒரு முப்பது ரூபாய் குமாஸ்தா வேலையில்தான் நிற்குது, மிஞ்சிப்போனா வக்கீல். கவுனையும் பட்டத்தையும் உங்களையும் சேர்த்து முழுக்கடிக்கக் கடலில் தண்ணி இல்லையா என்கிற அளவுக்குப் போகிறார். நான் சுருக்கிச் சொல்றேன், அசல் இன்னும் காரம்.

முதல் தடவை படிச்சப்போ சிரிப்பு வந்தது. முப்பது ரூபாய் என்கிற இடத்தில் நம்ம கேம்பஸ் பிளேஸ்மென்ட் பேக்கேஜைப் போட்டா வாட்ஸ்அப் ஃபார்வர்டு ரெடி. ரெண்டாவது தடவை படிச்சப்போ கொஞ்சம் கோபம் வந்தது. குமாஸ்தா வேலைக்கு ஏன் அடிச்சுக்கிட்டாங்க? மேலே இருக்கிற வேலை எதுவும் அவங்களுக்குத் திறக்கலை. சுரங்கம் குடையச் சொல்லி மெட்ராஸ் பட்டதாரிகிட்ட யாரும் கேட்கலை. சாதிக் கட்டுப்பாட்டுக்கு அவங்க பொறுப்பு, அதை அவர் திட்டினது முழு நியாயம். ராமானுஜனுக்கு நடந்ததைப் பார்த்தோமே. ஆனா அரசு கையில் இல்லாததுக்கும் அவங்களையே திட்டுறது நியாயமா எனக்குப் படலை. அதுவும் யாரை? வீடு வீடா போய்க் காசு பிரிச்சு, இவரைக் கப்பல் ஏத்திவிட்ட அளசிங்கரோட கூட்டத்தை. அந்த மனுஷன் கோவிச்சுக்கலை. 1895-ல் 'பிரம்மவாதின்' பத்திரிகை தொடங்கி, கடைசி வரைக்கும் இவருக்காக உழைச்சார்.

துறைமுகத்தில் இறங்கிப் பார்க்கிறவருக்கு, ஊர் எதைக் காட்டுதோ அதுதான் தெரியும். தீப்பெட்டித் தொழிற்சாலைகள் அவருக்குப் பெருமையாத் தெரிஞ்சது. கோபே, ஓசாகா தீப்பெட்டிப் பட்டறைகளில் குச்சி அடுக்கினது பெரும்பாலும் ஏழைப் பெண்களும் குழந்தைகளும். நமக்கு இது தெரியாத காட்சியா? 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. ஊர் வளர்ந்தது. நேரு அதை 'குட்டி ஜப்பான்'னு சொன்னதா இன்னைக்கும் பெருமையாச் சொல்வாங்க. அந்தப் பேரோடு சேர்ந்து, குச்சி அடுக்கின சின்னக் கைகளும் சிவகாசிக்கு வந்தது.

ராணுவமும் அப்படித்தான். 1894 ஜூலை 16-ம் தேதி லண்டனில் புது ஒப்பந்தம் கையெழுத்தாகுது. 1899-லிருந்து ஜப்பான் மண்ணில் ஜப்பான் சட்டம் செல்லும், வெளிநாட்டு கோர்ட் கிடையாதுன்னு முடிவு. நார்மன்டன் அவமானம் தீர்ந்தது. ஒன்பது நாள் கழிச்சு, ஜூலை 25-ல், கொரியாவை யார் பிடிக்கிறதுன்னு சீனாவோடு கடல் சண்டை ஆரம்பம். அடுத்த வருஷம் தைவான் ஜப்பான் கையில். 1910-ல் கொரியாவே கையில். அடிமையா நடத்தப்பட்ட வலியிலிருந்து வெளியே வந்த அந்த நாடு, வந்த வேகத்திலேயே அடுத்தவனை அடிமையாக்கப் போயிடுச்சு.

அந்தக் கடிதம் எழுதி ஐம்பது வருஷம் தள்ளி வாங்க. 1942-ல் மலேயா ஜப்பான் ராணுவத்திடம் விழுந்துடுச்சு. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடணும். போர்க் கைதிகளோடு, மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் பல்லாயிரக்கணக்கில் அள்ளிக்கிட்டுப் போனாங்க. நல்ல சம்பளம், மூணு மாச வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது பாதி, தெருவில் பிடிச்சு லாரியில் ஏத்தினது பாதி. காலரா, பசி, அடி. 1943 அக்டோபரில் பாதை முடிஞ்சது. திரும்பி வராதவங்க அங்கேயே தண்டவாளத்து ஓரம் புதைஞ்சாங்க. சயாம் மரண ரயில்னு தமிழில் சொல்றோம். வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்கே பேர் பொறிச்ச கல்லறை வரிசை வரிசையா இருக்கு. அதைப் பற்றி வந்த சினிமாவில் விசில் அடிச்சுக்கிட்டு நடந்து போறாங்க. தமிழர்களுக்குப் பேரும் இல்லை, விசிலும் இல்லை.

யார் இவங்க? நாகப்பட்டினத்தில் பினாங்கு கப்பல் ஏறினவங்களும் அவங்க பிள்ளைகளும். எந்தப் பண்டிதரும் தடுக்காதவங்க. கடல் தாண்டலாமா என்கிற பெரிய விவாதத்தில் கணக்கிலேயே வராம, முதல் ஆளா கடல் தாண்டினவங்க. யோகோஹாமாவில் ஒரு மெட்ராஸ் நண்பர் கூட்டத்துக்கு, ஏன் வெளியே வர மாட்டேங்கறீங்கன்னு கடிதம் எழுதப்பட்ட வருஷத்தில், இவங்க ஏற்கெனவே வெளியேதான் இருந்தாங்க.

இதுக்காக நான் அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடச் சொல்லலை. சில நாள் பயணத்தில் ரயில், சுரங்கம், தொழிற்சாலை, கப்பல் கம்பெனின்னு இவ்வளவு குறிச்சுக்கிட்ட இந்தியப் பயணி அந்தக் காலத்தில் அதிகம் கிடையாது. அவர் சொன்னபடி ஆட்கள் போகவும் செய்தாங்க. 1904-ல் கல்கத்தாவில் ஒரு சங்கம் ஆரம்பிச்சு, தொழில் கத்துக்க மாணவர்களை ஜப்பானுக்கும் மத்த நாடுகளுக்கும் அனுப்பினாங்க. இன்னைக்கு என் பேட்ச்மேட் ரெண்டு பேர் ஜே.எல்.பி.டி. எழுதிட்டு யோகோஹாமாவில் கோடு அடிச்சுக்கிட்டு இருக்காங்க. சம்பளம் முப்பது ரூபாயைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

கடிதம் எழுதின நாலாவது நாள், ஜூலை 14, யோகோஹாமாவிலிருந்து வான்கூவருக்குக் கப்பல். பேர் 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா'. ஆமா, இன்னொரு எம்ப்ரஸ். அதே கப்பலில் ஜாம்ஷெட்ஜி டாடாவும் போனார். அஞ்சு வருஷம் கழிச்சு, 1898 நவம்பரில், விவேகானந்தருக்கு எழுதின கடிதத்தில் டாடா அந்தப் பயணத்தை ஞாபகப்படுத்தி, தான் தொடங்க நினைக்கிற ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆதரவு கேட்டார். அதுதான் 1909-ல் பெங்களூரில் வந்த இந்திய அறிவியல் கழகம்.

பசிபிக்கில் பதினொரு நாள். ஜூலை மாசமா இருந்தாலும் வடக்கே போகப் போகக் குளிர். பெட்டியில் இருந்தது எல்லாம் மெல்லிசுத் துணி. ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து அளசிங்கருக்கு எழுதும்போது, கம்பளி இல்லாம குளிரில் படாதபாடு பட்டேன்னு சொல்றார். டிக்கெட், துணிமணி, கைச்செலவுன்னு எல்லாத்தையும் அக்கறையா யோசிச்ச கூட்டம்தான். ஆனா எல்லாரும் மெட்ராஸ்காரங்க. ஸ்வெட்டர் யாருக்கு ஞாபகம் வரும்?

அடுத்த எபிசோடில் நாகப்பட்டினம்–பினாங்கு கப்பல்கள். உங்க வீட்டில் மலேயா போய் வந்தவங்க, போய் வராதவங்க பற்றிக் கதை இருந்தா அனுப்புங்க, அதிலேயே சேர்த்துப் பேசலாம்.